கால்சியம் படிகங்கள் மூட்டில் நடத்தும் ஆள்மாறாட்டம்

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கும். மூன்றாம் நாள் காலையில் நோயாளிக்குக் காய்ச்சல். வயது எண்பதைத் தாண்டியவர். அறுவை நடந்தது இடுப்பில், வீங்கியிருப்பதோ முழங்கால். தோல் சிவந்து, தொட்டால் சுடுகிறது; போர்வை உரசினாலே முகம் சுளிக்கிறார். மூட்டுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்றுதான் எவரும் முதலில் நினைப்பார்கள். நினைக்கவும் வேண்டும். ஆனால் ஊசி வழியே எடுத்த மூட்டுத் திரவத்தில் கிருமி வளராமல், வேறொன்று தென்படுவது உண்டு.

கலங்கிய மஞ்சள் நிறத்தில் இருக்கும் அந்தத் திரவத்தின் ஒரு துளியைத் தளவிளைவு நுண்ணோக்கியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளியைக் கொண்டு பார்க்கும் கருவியில்) வைத்துப் பார்த்தால், வெள்ளணுக்களுக்குள்ளேயும் வெளியேயும் சின்னச் சின்ன சாய்சதுரங்களும் குச்சிகளும் கிடக்கும். மங்கலாகத்தான் ஒளிரும், அவசரக்காரர் கண்ணில் படாது. யூரிக் அமில உப்பு மூட்டில் படிவதால் வரும் கௌட் நோயின் யூரேட் படிகமோ கூரிய ஊசிபோல் பளிச்சென்று தெரியும். நிறம் காட்டும் தகட்டை ஒளிப்பாதையில் செருகினால் வேறுபாடு உறுதியாகிவிடும்: தகட்டின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் யூரேட் ஊசி மஞ்சளாகவும், இந்தச் சாய்சதுரம் நீலமாகவும் தோன்றும். இதுதான் கால்சியம் பைரோபாஸ்பேட்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் டேனியல் மெக்கார்ட்டியும் அவருடைய கூட்டாளிகளும் கௌட் நோயாளிகளின் மூட்டுத் திரவத்தை இப்படித்தான் துருவிக்கொண்டிருந்தார்கள். கௌட் என்று முத்திரை குத்தப்பட்ட சிலரிடம் யூரேட்டே இல்லை. இந்தப் புதுப் படிகம் இருந்தது. ‘போலி கௌட்’ என்ற பெயர் அப்படி வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜித்னான், சித்தாய் என்ற இரு மருத்துவர்கள், சில குடும்பங்களில் மட்டும் எக்ஸ்ரே படத்தில் குருத்தெலும்பு சுண்ணாம்பு படிந்து தெரிவதை விவரித்திருந்தார்கள். இரண்டும் ஒரே கதையின் இரு முனைகள்.

எக்ஸ்ரே அறிக்கையில் ‘கால்சியம் படிவு’ என்று கண்டதும், உணவில் கால்சியத்தைக் குறைக்க வேண்டும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். குறைத்துப் பயனில்லை. பெரும்பாலோருக்கு இரத்தத்தில் கால்சியம் சரியான அளவில்தான் இருக்கும். குற்றவாளி, கால்சியத்தோடு கைகோக்கும் பைரோபாஸ்பேட். குருத்தெலும்புச் செல்கள் ஏ.டி.பி. எனும் ஆற்றல் மூலக்கூறை வெளியே விடுகின்றன. அதை ஒரு நொதி வெட்டும்போது பைரோபாஸ்பேட் உண்டாகிறது. வேறொரு நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் அதை உடைத்துத் துப்புரவு செய்கிறது. வரவு மிகுந்தாலோ துப்புரவு தளர்ந்தாலோ பைரோபாஸ்பேட் தேங்கி, அருகில் எப்போதும் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது. வயது கூடக்கூட இது நிகழும் வாய்ப்பு கூடுகிறது. அறுபதுக்குள் ஒருவருக்கு இது வந்தால் காரணம் தேட வேண்டும்: இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்கிறதா, உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்கிறதா, மக்னீசியம் குறைந்திருக்கிறதா, ஆல்கலைன் பாஸ்பட்டேஸே பிறவியிலிருந்து போதாமல் இருக்கிறதா என்று. மக்னீசியம் இல்லாமல் அந்த நொதி ஓடாது என்பதை நினைத்தால், தொடர்பில்லாதவைபோல் தோன்றும் இந்தப் பட்டியலின் உள்முடிச்சு புரியும்.

படிகம் உருவானதும் வலி வந்துவிடுவதில்லை. குருத்தெலும்புக்குள் புதைந்திருக்கும்வரை அது பல ஆண்டுகள் சத்தமின்றி இருக்கும். வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில், எலும்பின் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிவதோடு சரி. அங்கிருந்து உதிர்ந்து மூட்டு அறைக்குள் விழும்போதுதான் கலகம். வெள்ளணுக்கள் அதை விழுங்குகின்றன. உள்ளே இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டணி விழித்தெழுந்து, இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிச் செய்தியை அனுப்புகிறது. மேலும் வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. அறுவைக்குப் பின் இது ஏன் நேர்கிறது? அந்நாள்களில் இரத்தக் கால்சியம் சற்று இறங்கும்போது படிகத்தின் ஓரங்கள் கரைந்து, பிடி தளர்ந்து உதிர்கிறது என்பது ஒரு விளக்கம். பாராதைராய்டு சுரப்பியை அகற்றியவர்களுக்கு இத்தாக்குதல் வருவது அந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது.

இத்தகைய திடீர்த் தாக்குதல் ஒரு நாளுக்குள் உச்சத்தைத் தொடும். முழங்கால்தான் அதற்குப் பிடித்த இடம், அடுத்தது மணிக்கட்டு. கௌட் விரும்பித் தாக்கும் கால் பெருவிரலை இது அதிகம் சீண்டுவதில்லை. தானாக அடங்கும், ஆனால் சில நாள்களிலிருந்து சில வாரங்கள்வரை இழுத்தடிக்கும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: படிகம் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கிருமி இல்லை என்று எழுதிவிடக் கூடாது. இரண்டும் ஒரே மூட்டில் இருக்கலாம். கிருமி வளர்ப்புச் சோதனையைத் தவிர்ப்பது ஆபத்தான சோம்பல்.

இதே படிகம் வேறு வேடங்களும் போடுகிறது. இரு கைகளின் மணிக்கட்டும் விரல் கணுக்களும் மாதக்கணக்கில் வீங்கி, காலையில் விறைத்து, முடக்குவாதம் என்றே நம்ப வைக்கும். முதியவர்கள் சிலருக்கு, முடக்குவாதத்தைக் கண்டறியத் தேடும் ‘முடக்குவாதக் காரணி’ என்ற புரதம் நோயின்றியே இரத்தத்தில் இருக்கும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. இன்னும் சிலருக்கு வெறும் மூட்டுத் தேய்மானமாகத் தெரியும். ஆனால் தேய்ந்திருக்கும் இடத்தைக் கவனித்தால் நெருடும்: சாதாரணத் தேய்மானம் அரிதாகவே எட்டிப்பார்க்கும் மணிக்கட்டு, முழங்கை, தோள். எல்லாவற்றிலும் விசித்திரமானது கழுத்தில் நடப்பது. இரண்டாம் கழுத்தெலும்பின் மேல்நோக்கிய முனையைச் சுற்றிப் படிகங்கள் கிரீடம்போல் படிந்து, ஒரு நாள் திடீரென்று காய்ச்சலும் கழுத்து விறைப்புமாக வெடிக்கும். மூளையுறை அழற்சி என்று அஞ்சி முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்ப்பார்கள். அது தெளிவாக இருக்கும். சி.டி. ஸ்கேனில் அந்தக் கிரீடத்தைத் தேடத் தோன்றியவருக்கே விடை கிடைக்கும்.

யூரேட்டைக் கரைக்க மருந்து உண்டு. பைரோபாஸ்பேட் படிகத்தைக் கரைக்க இன்றுவரை இல்லை. எனவே சிகிச்சை அழற்சியை அணைப்பதோடு நிற்கிறது: திரவத்தை வெளியேற்றி மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, பனிக்கட்டி ஒத்தடம், கால்ச்சிசின் என்ற அழற்சி அடக்கும் மருந்து, சில நாள்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை. நோயாளிகள் பெரும்பாலும் சிறுநீரகம் தளர்ந்த முதியவர்கள் என்பதால், எந்த மருந்தைத் தவிர்ப்பது என்பதே மருத்துவரின் பெரிய கணக்காக இருக்கிறது.

கால்சியத்தின் அடுத்த கூட்டாளி சாதாரண பாஸ்பேட். எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தரும் ஹைட்ராக்சிஅபடைட் வகைப் படிகம் இது. தனித்தனியாகச் சாதாரண நுண்ணோக்கியில் தெரியாத அளவு நுண்ணியது. அலிசரின் சிவப்புச் சாயத்தில் அதன் திரள்கள் மட்டும் நிறமேறித் தெரியும். இது குருத்தெலும்பைவிடத் தசைநாண்களை நாடும், குறிப்பாகத் தோளில். முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இருப்பவர்களே அதிகம் சிக்குகிறார்கள். இதில் ஒரு முரண் உண்டு: படிவு உருவாகும் காலத்தில் வலி குறைவு, உடல் அதைக் கரைத்து வெளியேற்றத் தொடங்கும்போது, பற்பசைபோல் இளகிய நிலையில், கையை அசைக்க முடியாத வலி. அதாவது மிக மோசமான இரவுகள் பெரும்பாலும் முடிவு நெருங்குவதன் அடையாளம். கழுத்தின் முன்புறத் தசைநாணில் படிந்தால் விழுங்கவே முடியாது. தொண்டைக்குப் பின்னால் சீழ்க்கட்டி என்று தவறாக எண்ணப்படும். இளம் பெண்களின் கால் பெருவிரலில் வந்தால் கௌட் போலவே இருக்கும். அந்த வயதில் பெண்களுக்குக் கௌட் அரிது என்பதே துப்பு.

இதே படிகம் முதிய பெண்களின் தோள்மூட்டுக்குள் புகுந்தால் நிலைமை வேறு. 1981இல் மெக்கார்ட்டியின் குழு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் விவரித்ததால் அந்த நகரின் பெயரே நோய்க்கு நிலைத்தது. தோள் பெரிதாக வீங்கும். எடுக்கும் திரவத்தில் பெரும்பாலும் இரத்தம் கலந்திருக்கும். வெள்ளணுக்களோ மிகக் குறைவு. பெரிய ஆர்ப்பாட்டமின்றித் தசைநாண்களும் குருத்தெலும்பும் அரிக்கப்பட்டு, மூட்டு குலைந்துபோகிறது.

மூன்றாவது கூட்டாளியான ஆக்சலேட் அரிது. நெடுநாள் டயாலிசிஸில் இருப்பவர்களிடமும், ஆக்சலேட்டை மிகையாக உண்டாக்கும் பரம்பரைக் குறை உள்ளவர்களிடமும் காணப்படுகிறது. நுண்ணோக்கியில் தபால் உறை வடிவம் தெரிந்தால் அதுதான். வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாக மாறும் என்பதால், இவர்களிடம் மருத்துவர் முதலில் விசாரிப்பது கால்சியம் மாத்திரையைப் பற்றி அல்ல, வைட்டமின் சி மாத்திரையைப் பற்றித்தான்.