பசுமைக் காலநிலை நிதியம்: கருத்துரு எழுதும் முன்

எட்டு மாதம் உழைத்து ஒரு சிறிய தொண்டு நிறுவனம் பசுமைக் காலநிலை நிதியத்துக்கு எழுதிய கருத்துரு ஒரே வரிப் பதிலோடு முடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்: நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. இதை முதல் நாளே அவர்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

வளரும் நாடுகள் உமிழ்வைக் குறைக்கவும் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கவும் பணம் தருவதற்கென்று 2010இல் மெக்சிகோவின் கான்குனில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் முடிவான நிதியம் இது. தலைமையகம் தென் கொரியாவின் சோங்டோ. வரலாறு இவ்வளவு போதும்.

நிதியம் தான் அங்கீகரித்த அமைப்புகள் வழியாகத்தான் திட்டங்களுக்குப் பணம் தருகிறது. உலக வங்கி, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் போன்ற பெரியவையும் உண்டு, உள்நாட்டு வங்கிகளும் உண்டு. உங்கள் சூரிய மின் திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இவற்றில் ஒன்று அதைத் தன் திட்டமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். நாமே அங்கீகாரம் வாங்கிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பி இறங்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டவர்கள் ஏராளம். உள்நாட்டு அமைப்புக்கு அரசின் பரிந்துரையும் வேண்டும்.

அமைப்பு கிடைத்ததும் அதன் வரம்புகளைக் கேளுங்கள். எவ்வளவு பெரிய திட்டம் வரை எடுக்கலாம்? சுற்றுச்சூழல் ஆபத்தில் எந்தப் பிரிவு வரை? மானியம் மட்டுமா, கடனும் கையாளலாமா? பலர் சறுக்குவது அளவில்தான். நிதியத்திடம் 60 லட்சம் டாலர்தானே கேட்கிறோம் என்பார்கள். கணக்கில் வருவதோ மற்றவர்கள் போடும் பணத்தையும் சேர்த்த மொத்தச் செலவு. அது 1.2 கோடி டாலர் என்றால், 1 கோடி டாலர் வரையிலான குறுந்திட்டங்களுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற அமைப்பு கைவிரித்துவிடும்.

அடுத்தது, திட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லும் அரசின் தடையில்லாக் கடிதம். இது இல்லாமல் கோப்பு நிதியத்தின் வாரியத்துக்குப் போகாது. அதற்கென ஒவ்வொரு நாடும் ஒரு அமைச்சகத்தையோ துறையையோ நியமித்திருக்கும். வாய்மொழிச் சம்மதத்தை நம்பி உட்கார்ந்திருந்தால், அதிகாரி மாற்றலாகிப் போனதும் புதியவர் "இது என்ன திட்டம்?" என்று முதலிலிருந்து தொடங்குவார். எனவே கருத்துருவின் முதல் பக்கத்தை எழுதும் முன்பே அங்கே போய்விடுங்கள், ஒவ்வொரு சந்திப்பையும் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். கடிதம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஆலோசகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உதவி என்ற சொல்லிலும் மயங்க வேண்டாம். பணக்கார நாடுகள் அரசுப் பணத்திலிருந்து தந்ததாகக் கணக்குக் காட்டும் பருவநிலை நிதியில் பெரும்பகுதி கடன். கடன் டாலரில், மின்கட்டண வருவாய் உள்நாட்டு நாணயத்தில் என்றால், நாணய மதிப்பு சரியும்போது இழப்பு யார் தலையில் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்.

நிதியத்தின் பணத்தில் நடக்கும் திட்டத்தால் நிலமோ பிழைப்போ பறிபோனால், நிதியத்தின் சுயேச்சையான குறைதீர்ப்பு அமைப்புக்கு நேரடியாகவே எழுதலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, உங்கள் மொழியிலேயே எழுதலாம். பாதிப்பு தெரியவந்ததிலிருந்தோ திட்டம் முடிந்ததிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து இரண்டு ஆண்டுக் கெடு. ஊழல் புகாருக்கு வேறு பிரிவு இருக்கிறது; இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். உள்ளூரில் யாருக்காவது பயந்தால், பெயரை ரகசியமாக வைக்கும்படி முதல் வரியிலேயே கேளுங்கள்.