வளையம் போட்ட குஞ்சு எங்கே போனது?

கோடியக்கரைக்கு வலசை வரும் கடற்காகங்கள் திறந்த சேற்றுவெளியில் நெடுநேரம் நிற்கும். பறவையைத் தனித்தனியே அடையாளம் காண ஆய்வாளர்கள் போட்ட கால் வளையத்தைத் தொலைநோக்கியில் படித்துவிடலாம். நீலகிரிச் சோலையில் அந்த வசதி இல்லை. சோலைக்கிளி (பெயரில்தான் கிளி; நீலமும் செம்பழுப்புமான சிறு பறவை) புதரடி இருட்டில் ஒரு நொடி தலைகாட்டி மறைந்துவிடும். எண் பொறித்த அலுமினிய வளையத்தோடு நிற வளையங்களும் போடுவது அதனால்தான்.

வனத்துறை அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் யாரும் இதைச் செய்யக் கூடாது. வளையம் காலில் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் நகர வேண்டும். ஆனால் பாதத்துக்கு இறங்கிவிடக் கூடாது. இடுக்கியால் மூடியபின் இரு முனைகளுக்கும் இடையே இடைவெளி இருந்தால் வலை நூலோ பாசியோ சிக்கிக் கால் வீங்கும். பிடிக்கும்போது கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருக்கட்டும். மார்பை அழுத்தவே கூடாது: மார்பெலும்பு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு.

இந்த மலையில் பெரிய ஆபத்து பனிமூட்டம். வளையமிடப் பிடிப்பதற்காகக் கட்டிய வலையில் சிக்கிய பறவையின் இறகு நனைந்தால் உடல் சூடு வேகமாக இறங்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை வலையைப் பார்ப்பது சாதாரண நாளுக்குச் சரி. குளிர்காலையில் அதற்கும் முன்பே போக வேண்டும். தூறல் தொடங்கினால் வலையைச் சுருட்டிவிடுவதே நல்லது.

கணக்கில் நடக்கும் தவறு வேறு. 20 இளம்பறவைகளுக்கு வளையமிட்டு, மறு ஆண்டு அதே சோலையில் 6 மட்டும் தென்பட்டதாக வைத்துக்கொள்வோம். மீதி 14 செத்தன என்று எழுதிவிட முடியாது. சில கண்ணில் படாமல் அங்கேயே இருக்கும். சில தேயிலைத் தோட்டத்தையும் சீகை (வாட்டில்) மரக்காட்டையும் தாண்டி அடுத்த சோலைக்குப் போயிருக்கும். பிறந்த இடத்தை விட்டு விலகிப் போவது இளம்பறவைகளின் வழக்கம். வளர்ந்தவை பெரும்பாலும் தம் எல்லையிலேயே இருக்கும். ஆகவே ஒரு சோலையை மட்டும் பார்த்தால் இளம்பறவைகளின் சாவு கூடுதலாகவே தெரியும்.

அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் தோட்டங்களில் வேலை செய்பவர்கள்தான். வளையம் கண்ணில் பட்டால் இடம், தேதி, எந்தக் கால், மேலிருந்து கீழாக நிறங்களின் வரிசை ஆகியவற்றைக் குறியுங்கள். இடது என்பது பறவையின் இடது. அது உங்களைப் பார்த்து நின்றால் உங்கள் வலப்பக்கம். பழைய மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகமானால் ஊகிக்காமல் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். உயிருள்ள பறவையைப் பிடிக்க முயல வேண்டாம். இறந்து கிடந்தால் வளையத்தைச் சுற்றிலும் படமெடுத்து அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள். எண் வளைந்து ஓடுவதால் ஒரே படத்தில் முழுதும் வராது.