வால்யூமைக் குறைத்தாலும் கோரஸ் ஏன் ஓங்குகிறது?

ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த ஸ்கார்பியன்ஸ் குழு 1984-இல் வெளியிட்ட 'லவ் அட் ஃபர்ஸ்ட் ஸ்டிங்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஸ்டில் லவ்விங் யூ'. இசை கிட்டாரிஸ்ட் ருடால்ஃப் ஷெங்கர், வரிகள் பாடகர் கிளாவுஸ் மைனே. பிரான்ஸில் பெரிய ஹிட். ஹார்டு ராக் குழுக்கள் போட்ட பவர் பாலட்களிலேயே (மென்மையாகத் தொடங்கி ஓங்கி எழும் பாட்டுகள்) கச்சிதமாகக் கட்டப்பட்டது இதுதான் என்பேன்.

இதை ஒருமுறை வால்யூமை நன்றாகக் குறைத்துவைத்துக் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் கிட்டார் ஒவ்வொரு தந்தியாகத் தனித்தனியே ஒலிக்கும், குரல் அடங்கியே வரும். கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பல்லவி) வந்ததும் எல்லாம் ஓங்கி எழும். ஃபோனிலிருந்து வருவதோ அப்போதும் சன்னமான ஒலிதான். ஆனாலும் 'சத்தமாகப் பாடுகிறார்கள்' என்று காதுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி?

முதல் காரணம் டிஸ்டார்ஷன். ஆம்ப்ளிஃபையருக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி சிக்னலைக் கொடுத்தால் அலையின் முகடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலையில், தந்தி கொடுத்ததைவிட அதிகமான, வலுவான மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்துக்கு மேலே கூடவே ஒலிக்கும் அதிர்வெண்கள்) சேர்ந்துகொள்ளும். இன்னொன்றும் நடக்கும். மீட்டிய வேகத்தில் வரும் பெரிய அலையும், தேய்ந்துகொண்டிருக்கும் சின்ன அலையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வெளியே வரும். சாதாரணமாகச் சட்டென்று தேய்ந்துபோகும் கிட்டார் சுரம் வயலின்போல நீண்டு நிற்பது இதனால்தான். பாட்டின் தொடக்கத்தில் சுரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியெல்லாம் கோரஸில் நிரம்பிவிடுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் பவர் கார்டு. கார்டு என்றால் ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு; பவர் கார்டில் சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும், காந்தாரம் கிடையாது. கணக்கைப் பாருங்கள். சட்ஜமம் 110 ஹெர்ட்ஸ் என்றால் பஞ்சமம் ஏறக்குறைய 165. வெட்டுப்பட்ட அலையில் இவை இரண்டும் கலந்து, கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்களை உண்டாக்கும். 165-இல் 110 போனால் 55. யாருமே வாசிக்காத மந்தர ஸ்தாயி சட்ஜமம் அது! கூட்டினால் 275, அதுவும் 55-இன் மடங்கு. எல்லாம் ஒரே குடும்பம் என்பதால் ஒலி கனக்கிறது, கலங்குவதில்லை. அந்தர காந்தாரத்தைச் சேர்த்தால் கதை வேறு. கிட்டாரில் அது 138.6 ஹெர்ட்ஸ், கழித்தால் வருவது 28.6, எதனோடும் சரியாக ஒட்டாத ஓர் எண். டிஸ்டார்ஷன் ஏற ஏற இப்படிப்பட்ட ஒட்டாத அதிர்வெண்கள் பெருகி, கார்டு குழம்பிவிடும். டிஸ்டார்ஷனை வெறும் இரைச்சல் என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்டவேண்டும். எந்தச் சுரத்தை விடவேண்டும் என்று தெரிந்துதான் வாசிக்கிறார்கள்.

அப்புறம் குரல். மெதுவாகப் பாடும்போது குரல் நாண்கள் மென்மையாக மூடித் திறக்கும். ஓங்கிப் பாடும்போது சடாரென்று மூடும். அந்த வேகம்தான் மேல் அதிர்வெண்களுக்கு வலு கூட்டுகிறது. நம் காதுக்குழாயின் நீளம் சுமார் 2.5 சென்டிமீட்டர்; அது 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் அதிர்ந்து ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். அந்தப் பகுதியில்தான் காது மிகவும் கூர்மை என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து மனிதக் குரல்களைக் கேட்டுப் பழகியதால், தூரத்தில் ஒருவர் கத்துவதையும் பக்கத்தில் ஒருவர் முணுமுணுப்பதையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. இரண்டும் ஒரே அளவில் காதுக்கு வந்தாலும், குரலின் தன்மையே காட்டிக்கொடுத்துவிடும். வால்யூமைக் குறைத்தால் அளவுதான் குறையும், அந்தத் தன்மை அப்படியேதான் இருக்கும்.

மைனே பாடியதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 1982-இல் வந்த 'பிளாக்அவுட்' ஆல்பத்துக்கு முன்பு அவர் குரலை இழந்து, குரல் நாண்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அதே நாண்களை வைத்துக்கொண்டுதான் 'ஸ்டில் லவ்விங் யூ'வின் கடைசிப் பகுதியில், முழு பேண்டும் முழங்கும்போது, அத்தனை கிட்டார்களுக்கும் மேலே ஏறி நின்று பாடுகிறார்.