பிபாவில் கிடார் தந்தி மாட்டினால் என்ன ஆகும்?

பேரிக்காய் வடிவ உடலும் நான்கு தந்திகளும் கொண்ட சீன வாத்தியம் பிபா. பல நூற்றாண்டுகளாக அதில் இருந்தது முறுக்கிய பட்டு. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எஃகு அந்த இடத்தைப் பிடித்தது. ஒலி பெரிதானது, நாதம் நீண்டது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது: எஃகு விரல் நகத்தைத் தின்றுவிடும். அதனால்தான் இன்றைய கலைஞர்கள் வலக்கை விரல்களில் செயற்கை நகங்களை ஒட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள்.

சரி, எஃகின் கூர்மை பிடிக்காதவர் நைலான் மாட்டிப் பார்க்கலாமா? பார்க்கலாம், கணக்குப் போட்டுவிட்டு.

தந்தியின் சுருதியை முடிவு செய்பவை நீளம், இழுவிசை, ஒரு மீட்டர் தந்தியின் எடை ஆகிய மூன்றும். பிபாவில் அதிரும் நீளம் சுமார் 70 செ.மீ.; அதை மாற்ற முடியாது. சுருதியும் வழக்கமாக 110, 147, 165, 220 ஹெர்ட்ஸ். இழுவிசையும் மாறக் கூடாது என்றால், எடையும் அதேதான் இருந்தாக வேண்டும். எஃகின் அடர்த்தி நைலானைப் போல ஏறக்குறைய 7 மடங்கு. ஆக, 0.25 மி.மீ. எஃகுக் கம்பி இருந்த இடத்தில் 0.65 மி.மீ. நைலான் வேண்டும். மீன்பிடி நரம்பாகவும் விற்கும் ஃப்ளூரோகார்பன் நைலானைவிட அடர்த்தியானது, அதில் 0.52 மி.மீ. போதும். எதைப் போட்டாலும் பழைய பள்ளத்தில் உட்காராது, குதிரையின் (தந்திகளைக் கட்டும் அடிக்கட்டையின்) துளையிலும் நுழையாமல் போகலாம்.

அடித்தந்தியில்தான் சிக்கல். ஒரு ஸ்தாயி கீழே, அதாவது 220-இலிருந்து 110 ஹெர்ட்ஸுக்குப் போக விட்டம் இரண்டு மடங்காக வேண்டும்: 1.3 மி.மீ. நைலான். அவ்வளவு தடித்தால் அது தந்தியைப் போல வளையாது, கோலைப் போல விறைக்கும். மேல்சுரங்கள் விலகி நாதம் மந்தமாகும். உள்ளே மெல்லிய இழைகள், மேலே உலோகச் சுற்று என்று செய்தால் விறைப்பு கூடாமல் எடை கூடும். கிளாசிக்கல் கிடாரின் தடித்த தந்திகள் அப்படிப்பட்டவைதான். அதிர்ஷ்டவசமாக, அதன் ஐந்தாம், நான்காம் தந்திகளின் சுருதி 110, 147 ஹெர்ட்ஸ், அப்படியே பிபாவின் கீழிரண்டு! கிடாரின் நீளம் 65 செ.மீ. என்பதால் பிபாவில் இழுவிசை 16 சதவீதம் கூடும். மேல் தந்திக்குக் கிடாரின் இரண்டாம் தந்தி பொருந்தும், சுமார் 8 சதவீதம் தளர்வாக.

இதெல்லாம் வலக்கையின் கதை. உண்மையான மாற்றத்தை உணர்வது இடக்கை. மெட்டின் (தந்தியை அழுத்தும் குறுக்குக் கட்டையின்) மேல் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி சுரத்தை ஏற்றுவது பிபாவின் உயிரான உத்தி. எஃகு தன் நீளத்தில் அரை சதவீதம்கூட நீளாமல் சுருதிக்கு வந்துவிடும். நைலான் சில சதவீதம் நீண்டால்தான் வரும். இப்போது இரண்டையும் ஒரே அளவு தள்ளுங்கள். கூடுகிற நீளம் சமம்தான். ஆனால் ஏற்கெனவே நீண்டதோடு ஒப்பிட்டால், எஃகுக்கு அது பெரிய பங்கு, நைலானுக்கு அற்பம். எஃகில் சுரம் சட்டென ஏறும். நைலானில் அதே ஏற்றத்துக்குப் பல மடங்கு தூரம் தள்ள வேண்டும், பக்கத்துத் தந்தி குறுக்கே நிற்கும். எஃகுக்காக எழுதிய ஆழ்ந்த இழுப்புகள் நைலானில் எடுபடாமல் போவது இதனால்தான்.

என் கணிப்பில், வேகமான விரல் உருட்டல்களுக்கு நைலான் தாராளமாகப் போதும். இழுப்பு நிறைந்த உருப்படி என்றால் எஃகையே வைத்துக்கொள்ளலாம். அல்லது மேல் தந்தியை மட்டும் எஃகாக விட்டுக் கீழ் மூன்றை மாற்றலாம். புது நைலான் சில நாள் நீண்டுகொண்டே இருக்கும், தந்தியை முறுக்கும் பிருடையை அடிக்கடி திருக வேண்டிவரும்.