மட்கு இருக்க அங்ககம் எதற்கு?

சித்தப்பாவின் மண் பரிசோதனை அட்டையில் 'அங்ககக் கரிமம் 0.4%, குறைவு' என்று இருந்தது. நாற்பது வருஷம் உழுதவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இது எந்த உரக்கடையில கிடைக்கும்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அங்ககம் என்பது 'ஆர்கானிக்' என்பதன் மொழிபெயர்ப்பு, கரிமம் என்றால் கார்பன். மண்ணில் மட்கு குறைவு என்பதைத்தான் அட்டை அப்படிச் சொன்னது.

சருகும் வேரும் சாணமும் மண்ணில் மக்கிக் கறுப்பாகிப்போனதை ஆங்கிலத்தில் ஹியூமஸ் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் மண், தரை என்றுதான் பொருள். தமிழில் அதற்கு மட்கு. மட்குதல் என்றால் ஒளி மழுங்குதல், மக்கிப்போதல். வெட்கம் பேச்சில் வெக்கம் ஆனதுபோல மட்கு மக்கு ஆனது. 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று தெருத் தொட்டியில்கூட எழுதியிருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் உக்கல் என்பார்கள். அதுவும் அழகான சொல்.

அங்கம் என்றால் உடலுறுப்பு. 'ஆர்கானிக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் 'உறுப்பு' ஒளிந்திருக்கிறது என்பதற்காக நம் வயலிலும் உறுப்பைப் புதைக்க வேண்டுமா? சிலர் 'இயற்கைப் பொருள்' என்கிறார்கள். மணலும் களிமண்ணும் மட்டும் செயற்கையா? 'கரிமப் பொருள்' வேதியியல் வகுப்புக்குச் சரி, ஆனால் சுண்ணாம்புக்கல்லிலும் கரிமம் உண்டு. 'இலைமக்கு' என்றால் வேரும் சாணமும் விட்டுப்போகின்றன.

மட்கு என்பது வினையாகவும் நிற்கும் சொல். மட்காத சருகு, பாதி மட்கியது, நன்றாக மட்கியது என்று தரத்தையே அதைக்கொண்டு சொல்லிவிடலாம். அந்தத் தரத்தைத் தீர்மானிப்பவை சூடு, ஈரம், காற்று, களி. ஊட்டிப் பக்கம் சோலைக்காட்டில் சருகை விலக்கி ஒரு பிடி அள்ளினால் கறுப்பாக, பொலபொலவென்று வரும். 2,000 மீட்டருக்கு மேல் குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் மட்கு சேர்ந்துகொண்டே போகிறது. சமவெளிச் செம்மண்ணில் வெயிலும், மழைக்குப் பின் வரும் ஈரமும், உழவு புகுத்தும் காற்றும் சேர்ந்து அதைச் சீக்கிரம் கரைத்துவிடும். களிமண் மட்கைப் பிடித்துவைக்கும், மணலுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. சதுப்பில் காற்று புகாததால் எல்லாம் பாதியிலேயே நின்றுவிடும்.

பாதி மட்கியதைப் போட்டால் என்ன ஆகும்? வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, 60, 80 பங்கு கரிமம் இருக்கும். நன்றாக மட்கியதில் அது 10, 12 பங்குதான். மட்காததைப் போட்டு உழுதால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, பயிர் வெளிறும். 'அங்ககப் பொருள் சேர்க்கவும்' என்று மொழிபெயர்த்து அனுப்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தை எந்தச் சொல்லால் சொல்வார்கள்?

அட்டையில் 'மட்கு குறைவு' என்று இருந்திருந்தால், சித்தப்பா கொழிஞ்சி என்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்து மடக்கி உழுதிருப்பார், இல்லை ஆட்டுக்கிடை போட்டிருப்பார். என்னிடம் கேட்டிருக்கவே மாட்டார்.