நூற்றாண்டு வெள்ளமா, ஒரு சதவீத வெள்ளமா?

‘நூற்றாண்டு வெள்ளம்’ என்ற தொடரைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறையில் ஆற்றோரம் வீடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், காப்பீடு எடுக்கச் சொல்லி வந்த முகவரிடம் சொன்ன பதில் இது: “நூற்றாண்டு வெள்ளம் 2021இலேயே வந்து போய்விட்டதே தம்பி, இனி என் பேரனுடைய பேரன் பார்த்துக்கொள்வான். பிரீமியம் எதற்கு?” அவர் மேல் குற்றமில்லை. அந்தச் சொல்லை நம்பினார், அவ்வளவுதான்.

சொல்லின் பொருள் வேறு. ஓர் ஆற்றில், ஓர் இடத்தில், எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே பொருள். அமெரிக்காவில் 1968இல் வெள்ளக் காப்பீட்டுக்கென்று தனிச் சட்டம் வந்தது. அங்கே சிற்றூர்களுக்குக்கூட ஆற்றோர வரைபடம் போட்டு, இந்த வெள்ளம் எதுவரை ஏறும் என்று எல்லை குறிக்கிறார்கள். எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு அரசு ஆதரவுள்ள கடன் வாங்கினால் காப்பீடு கட்டாயம். கடன் முப்பது ஆண்டு ஓடும் என்றால், அதற்குள் ஒரு முறையாவது வெள்ளம் வர ஏறத்தாழ 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலில் ஒன்று. நூறு ஆண்டு முழுக்கக் காத்திருந்தாலும் அது வராமலே போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. ‘நூற்றாண்டு’ என்ற சொல்லில் இந்தக் கணக்கு எங்கே இருக்கிறது?

இந்தச் சொல்லுக்கு ஆங்கில மூலம் ‘ரிட்டர்ன் பீரியட்’. பீரியட் கிரேக்கத்திலிருந்து வந்தது. சுற்றி வரும் வழி என்று பொருள். 1941இல் எமில் கும்பெல் என்ற புள்ளியியலாளர் ஆற்று வெள்ளங்களுக்கு இதை வைத்துக் கட்டுரை எழுதினார். சராசரி இடைவெளி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இதைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘மீள்வருகைக் காலம்’ ஆக்கினார்கள். மீள்வருகை என்றதும் சொல்லிவிட்டுப் போன விருந்தாளி குறித்த நாளில் திரும்பி வருகிற நினைப்பு வருகிறது. ஆற்றுக்கு அப்படி வாக்குக் கொடுக்கும் பழக்கம் இல்லை. போன ஆண்டு வந்ததை அது நினைவில் வைத்திருப்பதும் இல்லை. ‘நூற்றாண்டு வெள்ளம்’ இன்னும் மோசம். தமிழில் நூற்றாண்டு என்றால் விழா எடுப்போம், தபால்தலை வெளியிடுவோம். போதாக்குறைக்கு, கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924இல், திருவிதாங்கூரை மூழ்கடித்த ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ இருக்கிறது. கேரளத்தில் 2018இல் மறுபடி பெருவெள்ளம் வந்ததும், “பார்த்தீர்களா, நூறு ஆண்டுக்கு ஒன்று!” என்று கணக்கு முடிக்கிறார்கள். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த குமரிக்காரர்களான நமக்கு இந்த மயக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கணக்கு ஒவ்வோர் ஆற்றுக்கும் தனி. கோதையாறும் பறளியாறும் சேர்ந்து ஓடும் குழித்துறைத் தாமிரபரணி, வள்ளியாறு, பழையாறு மூன்றிலும் ஒரே ஆண்டில் தத்தம் ‘நூற்றாண்டு வெள்ளம்’ வரலாம். ஒரே மாவட்டத்துக்கு ஓராண்டில் மூன்று நூற்றாண்டு! அணைக்கு மேலே காடு மாறினாலும், நாஞ்சில் நாட்டில் குளங்கள் மேடானாலும், குளத்து உபரிநீர் போகும் மறுகால் ஓடைகளில் கட்டடம் எழுந்தாலும் பழைய எல்லைக்கோடு செல்லாது. எல்லைக்கோட்டைத் திரும்பப் போட வேண்டும். பெயரோ கல்வெட்டு மாதிரி நிற்கிறது.

என் பரிந்துரை ‘ஒரு சதவீத வெள்ளம்’. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையே இப்போது ஆண்டுக்கு ஒரு சதவீத வாய்ப்பு என்று சொல்வதைத்தான் விரும்புகிறது. ‘நூற்றிலொரு வெள்ளம்’ என்றும் யோசித்தேன். நூறு வெள்ளங்களில் ஒன்று என்று படிப்பார்கள். சதவீதம் வடசொல் கலந்தது, விழுக்காடு என்று எழுது என்பார்கள் தனித்தமிழ் நண்பர்கள். விழுக்காடு நல்ல சொல்தான். ஆனால் வங்கியில் வட்டி விகிதம் கேட்கும்போது அவர்களும் சதவீதம் என்றுதான் கேட்கிறார்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் தெளிவு முதலில், தூய்மை பிறகு.

‘வாய்ப்பு’ என்ற சொல்லும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. வேலைவாய்ப்பு மாதிரி நல்லது நடக்கப்போகிறது என்ற தொனி அதில் இருக்கிறது. வானிலை அறிக்கை ‘மழைக்கு வாய்ப்பு’ என்று பழக்கிவிட்டதால் விட்டுவிடுகிறேன். ‘நிகழ்தகவு’ பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கட்டும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் தண்ணீரும்தான். மொழிபெயர்ப்பவர் சென்னையில் உட்கார்ந்து ‘வெள்ள வரைபடம்’ என்று தலைப்புப் போட்டு அனுப்பினால், குழாய் போடப்போகிறார்கள் என்று இங்கே யாராவது நினைத்தால் வியப்பில்லை. வரைபடத்தின் அடியில் ஒரே வரி போதும்: “இந்தக் கோட்டுக்குள் இருக்கும் வீட்டில், இந்த ஆண்டு ஆறு ஏறுவதற்குக் குறைந்தது நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு, போன ஆண்டு ஏறியிருந்தாலும் இதே அளவுதான்.”