பிரவுசரை மாற்றியும் அதே வீடியோ ஏன் வருகிறது?

யூடியூபில் முதுகுவலிக்கு ஒரே ஒரு வீடியோ பார்த்தால் போதும், அப்புறம் ஒரு வாரத்துக்குத் திரை முழுக்க முதுகெலும்புதான். வெறுத்துப்போய் போனில் பிரவுசரையே மாற்றுகிறவர்கள் உண்டு. மாற்றியும் அதே வீடியோக்கள் வந்து நிற்கும்.

காரணம், அடுத்து எந்த வீடியோவைக் காட்டுவது என்ற கணக்கு உங்கள் போனில் நடப்பதில்லை. நீங்கள் பார்த்ததையே பார்த்த மற்றவர்கள் அடுத்து எதைப் பார்த்தார்கள் என்பதை வைத்து, கோடிக்கணக்கான வீடியோக்களில் சில நூறை முதலில் சலித்தெடுத்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். எதற்கு மதிப்பெண் என்பதுதான் முக்கியம். யூடியூப் 2012-ல் கிளிக் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பார்த்த நேரத்துக்கு முக்கியத்துவம் கொடுக்க ஆரம்பித்தது. ரசித்துப் பார்த்த பத்து நிமிடமும் எரிச்சலோடு பார்த்த பத்து நிமிடமும் நேரக் கணக்கில் ஒன்றுதான். நீங்கள் பார்த்ததெல்லாம் உங்கள் பெயரில் யூடியூபின் சர்வரில் கிடக்கிறது, அதே கணக்கில் லாகின் செய்தால் எந்த பிரவுசராக இருந்தாலும் பழைய வரலாறு கூடவே வந்துவிடும். ஆப்பில் பார்த்தால் பிரவுசருக்கு அங்கே வேலையே இல்லை.

சரி, அப்படியென்றால் பிரவுசரை மாற்றுவது வீண்தானா? இல்லை, அது தடுப்பது வேறொன்றை. செருப்பு விற்கும் தளத்திலும் செய்தித் தளத்திலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் இருந்தால், அது முதல் தளத்தில் உங்கள் பிரவுசரில் போட்டுவைத்த குக்கீயை, அதாவது சின்ன அடையாளக் குறிப்பை, இரண்டாவது தளத்தில் படித்து, வந்திருப்பது அதே ஆள் என்று கண்டுபிடித்துவிடும். இந்த மூன்றாம் தரப்பு குக்கீகளை சஃபாரி 2020-லிருந்து முழுக்கத் தடுக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் 2019-லேயே தெரிந்த உளவு நிரல்களின் குக்கீகளைத் தானாகத் தடுக்கத் தொடங்கிவிட்டது. குரோமிலிருந்து இவற்றை நீக்கப்போவதாக 2020-ல் அறிவித்த கூகுள் பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது, எனக்கு அதில் வருத்தம்தான். ஆக, துரத்தி வரும் செருப்பு விளம்பரத்தைக் குறைக்க பிரவுசர் உதவும், முதுகெலும்பு வீடியோவுக்கு உதவாது.

அதற்கு என்னதான் செய்வது? 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களை வைத்து, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா 2022-ல் யூடியூபின் பொத்தான்களைச் சோதித்தது. 'ஆர்வமில்லை' என்று அழுத்தியதில் வேண்டாத பரிந்துரைகள் சுமார் 11 சதவீதம்தான் குறைந்தன, பார்த்த வரலாற்றிலிருந்து நீக்கியதில் 29, 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்றதில் 43. பாதியைக்கூட எதுவும் தொடவில்லை. இருந்தாலும் நான் அந்தக் கடைசிப் பொத்தானைத்தான் அழுத்துவேன், கூடவே வரலாற்றிலிருந்தும் அந்த வீடியோவை நீக்கிவிடுவேன்.